நடனத்தில் வலுவான பிள்ளைக்கு எந்த மியூசிகல் தியேட்டர் கல்லூரி?

கேள்வி – ஆகஸ்ட் 30, 2025

நியூ ஜெர்சியில இருக்கோம். பொண்ணு 12-ஆம் வகுப்பு. பாலே, ஜாஸ், டேப் (ஷூவால தாளம் தட்டி ஆடுறது) மூணு நடனமும் சின்ன வயசுலேர்ந்து பண்றா, பரதநாட்டியம் அரங்கேற்றமும் முடிஞ்சாச்சு. பாட்டு பரவாயில்லை, ஆனா மேடையில தனியா பாடின அனுபவம் கம்மி. மியூசிகல் தியேட்டர் (பாட்டு, நடனம், நடிப்பு மூணும் சேர்ந்த மேடை நாடகம்) பி.எஃப்.ஏ., அதாவது பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பட்டம்தான் வேணும்ங்கிறா. எந்தப் பட்டியலை எடுத்தாலும் மிஷிகன், கார்னகி மெலன், சின்சினாட்டின்னு அதே பேருங்கதான் வருது. நல்லா ஆடுற பிள்ளைக்கும் இதே பட்டியல்தானா? இல்ல டான்ஸ் மேஜர் எடுத்துக்கிட்டு பாட்டைத் தனியா கத்துக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 30, 2025

பட்டியலை ஓரமாக வையுங்கள். அதில் நடனத்துக்கென்று தனிக் கணக்கு எதுவும் இல்லை. யோசிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் வார அட்டவணை வேண்டும். முதலாண்டு அட்டவணையில் பொதுப் பாடங்களும் அறிமுக வகுப்புகளும் நிறைந்திருக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் பெண்ணின் தரத்தில் வாரத்துக்கு எத்தனை நடன வகுப்பு, எவ்வளவு நேரம்? ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து குரல் பயிற்சி எத்தனை நிமிடம்? வாரத்துக்கு நான்கைந்து நாள் 90 நிமிட நடன வகுப்பும், 60 நிமிடத் தனிக் குரல் வகுப்பும் இருந்தால் அது பேச வேண்டிய இடம். நடனம் இரண்டே நாள், குரல் வகுப்பு நான்கு பேருக்குச் சேர்த்து ஒன்று என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இவளுக்கு நஷ்டம். நான்கு ஆண்டில் நடனம் மங்கிப்போகும், பாட்டு பாதிக் கிணறு தாண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 31, 2025

‘ஆட்டம்தான் அவளுடைய பலம், குரலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு காலத்தில் நியூயார்க்கின் பிராட்வே மேடைகளில் பாடும் குழு தனி, ஆடும் குழு தனி. 1943-ல் ‘ஓக்லஹோமா!’ என்ற மியூசிகலுக்கு நடன அமைப்பாளர் ஆக்னஸ் டி மில் அமைத்த கனவு பாலேயில் நாயகனுக்கும் நாயகிக்கும் பதிலாக வேறு நடனக்காரர்கள் ஆடினார்கள். இன்றைய தயாரிப்புச் செலவில் இரண்டு குழு வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. குழுவில் நிற்கும் ஒவ்வொருவரும் ஆட வேண்டும், பாட வேண்டும், சின்ன வேடம் கட்டி நாலு வசனமும் பேச வேண்டும்.

வேலைக்கான தேர்வும் அப்படித்தான். நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் விதிப்படி நடக்கும் கோரஸ் அழைப்பில் (குழுவில் ஆடிப் பாடுபவர்களுக்கான தேர்வு) ‘பாடத் தெரிந்த நடனக்காரர்’, ‘ஆடத் தெரிந்த பாடகர்’ என்று தனித்தனி நாள் ஒதுக்குவார்கள். நடனக்காரர் நாளில் முதலில் ஆட்டம். அதில் பெரும் பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சமிருப்பவர்களை 16 பார், அதாவது பாட்டின் ஒரு சின்னத் துண்டு, பாடச் சொல்வார்கள். உங்கள் பெண் முதல் கட்டத்தைத் தாண்டிவிடுவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்க நின்று அந்த 16 பாரைப் பாடும்போதுதான் வேலை முடிவாகும். கல்லூரி அவளைத் தயார்செய்ய வேண்டியது அந்த இடத்துக்கு.

செப்டம்பர் 3, 2025

எந்தத் துறை இந்தப் படிப்பை நடத்துகிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மூன்று வகை உண்டு.

இசைப் பள்ளி நடத்தினால் பட்டம் பெரும்பாலும் பி.எம். (பேச்சலர் ஆஃப் மியூசிக்). தியரி, பியானோ, காதுப்பயிற்சி, பருவ இறுதியில் ஆசிரியர் குழு முன் பாடும் ஜூரி எல்லாம் இருக்கும். ஓஹையோவில் உள்ள பால்ட்வின் வாலஸ் பல்கலைக்கழகம் இந்த வகை. குரல் நன்றாக வளரும். நடனம் எந்த உயரம் வரை போகிறது என்பதை விசாரித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நாடகப் பள்ளி நடத்தினால் நடிப்பு மையம். கார்னகி மெலன் 1914-லிருந்து நாடகம் கற்பிக்கும் இடம், அங்கே மியூசிகல் தியேட்டர் மாணவருக்கும் அடித்தளம் நடிப்புதான். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் சி.சி.எம். கல்லூரி இந்த நாட்டின் முதல் மியூசிகல் தியேட்டர் படிப்பை 1968-ல் தொடங்கியது. மிஷிகனில் இசை, நாடகம், நடனம் மூன்றும் ஒரே பள்ளியின் கீழ். மூன்றும் அருமையான இடங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் ஓர் ஆண்டுக்கு இருபது பேர் அளவில்தான் எடுப்பார்கள், சில இடங்களில் அதிலும் குறைவு. நல்ல குரலோடு வரும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே நிற்பார்கள். விண்ணப்பியுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மூன்றாவது வகையைத்தான் நடனப் பிள்ளைகளின் பெற்றோர் தவறவிடுகிறார்கள்: வலுவான நடனத் துறையும் மியூசிகல் தியேட்டரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்கள். பிட்ஸ்பர்க்கின் பாயின்ட் பார்க் பல்கலைக்கழகத்தில் பாலே, ஜாஸ், மாடர்ன் என்று பிரித்து நடனப் பட்டம் தருகிறார்கள், பக்கத்திலேயே மியூசிகல் தியேட்டர் பி.எஃப்.ஏ. இருக்கிறது. நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தில் மியூசிகல் தியேட்டரும் உண்டு, கமர்ஷியல் டான்ஸ் என்ற தனிப் பட்டமும் உண்டு. ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் டான்ஸ் பள்ளி டேப், ஜாஸ், தியேட்டர் டான்ஸ் மூன்றையும் மையமாக வைத்தது. டேப்பை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும் கல்லூரி அபூர்வம். அதே வளாகத்தின் இசைப் பள்ளியில் படித்தவர்கள்தான் கிறிஸ்டின் செனோவெத், கெல்லி ஓஹாரா போன்ற பிராட்வே நட்சத்திரங்கள். வட கரோலினாவின் எலான் பல்கலைக்கழகமும் உங்கள் மாநிலத்து மான்ட்கிளேர் ஸ்டேட்டும் இரண்டு பட்டங்களையும் வைத்திருக்கின்றன. மான்ட்கிளேர் அரசுப் பல்கலைக்கழகம், உள்மாநிலக் கட்டணம். அதைக் கட்டாயம் பட்டியலில் சேருங்கள்.

செப்டம்பர் 4, 2025

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது: இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருந்தால் மட்டும் போதாது, நடுவில் கதவு திறந்திருக்க வேண்டும். மியூசிகல் தியேட்டர் மாணவி நடனத் துறையின் மேல்நிலை வகுப்பில் உட்கார முடியுமா? நடன மாணவி மியூசிகலுக்கு ஆடிஷன் கொடுக்கலாமா? ‘இடமிருந்தால் பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், நடைமுறையில் இடம் இருக்காது. போன பருவத்தில் எத்தனை பேர் அப்படிச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

டான்ஸ் மேஜர் எடுத்துக்கொண்டு பாட்டைத் தனியாகக் கற்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவள் பாட்டை வேலைக்கான கருவியாக மட்டும் பார்க்கிறாள், ஆட்டத்தில்தான் உயிர் என்றால், ஜாஸ் அல்லது கமர்ஷியல் பக்கம் சாய்ந்த நடனப் பட்டமும் வாரம் ஒரு குரல் வகுப்பும் நேர்மையான வழி. அரிசோனா பல்கலைக்கழகத்தில் பாலே, மாடர்ன், ஜாஸ் மூன்றுக்கும் சம இடம். மாடர்ன் மட்டுமே பிரதானமாக இருக்கும் நடனத் துறைக்கு இந்தக் காரணத்துக்காகப் போக வேண்டாம், அங்கே போகும் திசையே வேறு. வேடம் கட்டி வசனம் பேசுவதும் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றால் மியூசிகல் தியேட்டர்தான். நடிப்பை வெளியே தனி வகுப்பில் ஈடுகட்டுவது பாட்டைவிடக் கஷ்டம்.

செப்டம்பர் 9, 2025

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது என்ன கவனிப்பது என்று இருவர் கேட்டார்கள்.

வகுப்பு நிலை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது முதல் கேள்வி. சில இடங்களில் ஆண்டு வாரியாக: முதலாண்டு எல்லோரும் ஜாஸ் 1. பத்து வருடம் ஆடியவளும் பள்ளிப் பாடகர் குழுவிலிருந்து நேராக வந்தவனும் ஒரே வரிசையில் ப்ளியே (முழங்காலை மடக்கும் அடிப்படைப் பயிற்சி) கற்பார்கள். முதலிரண்டு ஆண்டில் அவள் உடல் பின்னோக்கிப் போகும். வேறு இடங்களில் முதல் வாரமே ஒரு வகுப்பு நடத்தி, தரத்துக்கு ஏற்ப நிலை ஒதுக்குவார்கள். ‘முதலாண்டு மாணவர் யாராவது நேராக மேல் நிலைக்குப் போயிருக்கிறார்களா? மேல் நிலையை முடித்துவிட்டால் அடுத்தது என்ன?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பல இடங்களில் பதில் தடுமாறும்.

மேல்நிலை பாலே வகுப்பு ஒன்றை ஓரமாக உட்கார்ந்து முழுக்கப் பாருங்கள். பியானோவில் ஆள் இருக்கிறாரா, ஸ்பீக்கரா? ஆசிரியர் பாதத்தையும் இடுப்பையும் பேர் சொல்லித் திருத்துகிறாரா, எண்ணிக்கை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறாரா? கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நின்று செய்யும் சென்டர் பயிற்சியில் பின்வரிசையை முன்னால் கூப்பிடுகிறாரா? டேப் வகுப்பு எந்த நிலை வரை உண்டு, இணை ஆட்டம் கற்றுத்தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். தூக்கல் வேலையில் கீழே தாங்குபவரைப் போலவே மேலே போகும் பெண்ணுக்கும் பயிற்சி வேண்டும், எங்கே மூச்சை இழுத்துப் பிடிப்பது என்பது உட்பட.

தரையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மேலே விரித்திருக்கும் கறுப்பு வினைல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதன் கீழே துள்ளலுள்ள மரச்சட்டகம் இருக்கிறதா, நேராக கான்கிரீட்டா என்பதுதான் முக்கியம். கான்கிரீட் மேல் வாரத்துக்கு இருபது மணி நேரம் குதித்தால் கெண்டைக்காலின் முன் எலும்பில் வலி தொடங்கும், பிறகு எலும்பு விரிசல் வரை போகலாம். ஸ்டுடியோ நடுவில் நின்று இரண்டு முறை குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் வழியாக அதிர்ச்சி முழங்காலுக்கு ஏறினால் அவளுக்கே தெரியும். காயம் பட்டால் பார்க்க அத்லெடிக் ட்ரெய்னர் இருக்கிறாரா, அவர் நேரம் நடன மாணவர்களுக்கும் உண்டா, விளையாட்டு அணிக்கு மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடந்த மூன்று ஆண்டில் போட்ட மியூசிகல்களின் பட்டியல் இணையதளத்திலேயே இருக்கும். அதில் முழு நீள நடனக் காட்சிகள் உள்ளவை எத்தனை? வருடம் முழுக்க எட்டுப் பேர் நின்று பாடும் சிறு நாடகங்கள்தான் என்றால், இவள் மேடையேற வழி குறுகல். முதலாண்டில் மேடையேற்ற மாட்டோம் என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அது குறையில்லை, முன்கூட்டியே தெரிந்தால் போதும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஆட்களைக் கழிக்கும் வழக்கம் இருக்கிறதா என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 14, 2025

ப்ரீஸ்க்ரீன் வீடியோ. பெரும்பாலான பள்ளிகள் நேரில் அழைக்கும் முன் இதைக் கேட்கும். ‘காமன் ப்ரீஸ்க்ரீன்’ என்ற பொது வடிவத்தை இப்போது நிறையப் பள்ளிகள் ஏற்கின்றன: இரண்டு பாட்டு, மோனோலாக் (ஒருவரே பேசும் வசனம்), நடனம், விருப்பமிருந்தால் ‘வைல்டு கார்டு’ (வேறு எந்தத் திறமையையும் காட்டும் துண்டு). பாட்டும் மோனோலாக்கும் 60 முதல் 90 நொடி, நடனம் ஒரு நிமிடத்துக்குள். பொது வடிவத்துக்குள்ளேயே பள்ளிக்குப் பள்ளி சட்டகமும் எண்ணிக்கையும் மாறும். ஒரு தாளில் பள்ளி வாரியாகக் கட்டம் போட்டு எழுதாமல் படப்பிடிப்பைத் தொடங்கக் கூடாது. கெடு அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை. விண்ணப்பக் கட்டணம் தனி, ப்ரீஸ்க்ரீன் கட்டணம் தனி. இரண்டும் சேர்ந்தால் பள்ளிக்கு 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம், 15 பள்ளி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆடும் பிள்ளைகள் இங்கே சறுக்குவது, வியக்கும்படியாக, நடன வீடியோவில்தான். போட்டியில் பரிசு வாங்கிய சோலோவின் பதிவை அப்படியே அனுப்பிவிடுவார்கள். மேடை வெளிச்சம் முகத்தை மறைக்கும், கேமரா தூரத்தில், கைதட்டல் பாட்டை மூழ்கடிக்கும், ஒரு நிமிடத்தில் முப்பது நொடி கரணமும் காலை நெற்றிக்குத் தூக்குவதுமாகப் போகும். தேர்வுக் குழு பார்க்க விரும்புவது வேறு: இசையைக் கேட்டு ஆடுகிறாளா, ஒரு அசைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் என்ன செய்கிறாள், முகம் யாரிடமாவது பேசுகிறதா. புதிதாக எடுங்கள். தியேட்டர் ஜாஸ், வெறும் ஸ்டுடியோ, உடலின் கோடு தெரியும் உடை. போன் கிடைமட்டமாக, ஸ்டாண்டு இடுப்பு உயரத்தில், உச்சந்தலையும் பாதமும் எப்போதும் சட்டத்துக்குள். சுத்தமான இரட்டைச் சுற்று ஒன்று போதும். தள்ளாடி முடியும் நான்கு சுற்று அவளைக் கீழே இறக்கும். முதல் பத்து நொடியிலேயே நல்லது வந்துவிட வேண்டும், கடைசி வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பாட்டுப் பதிவில் ஒலிதான் வில்லன். பியானோ ட்ராக் ஓடும் ஸ்பீக்கரை போன் பக்கத்தில் வைத்தால் குரல் அமுங்கும். ஸ்பீக்கரைப் பாடுபவரின் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி வையுங்கள், போன் எட்டு பத்து அடி தள்ளி இருக்கட்டும். மிக அருகில் இருந்தால் உரக்கப் பாடும் இடத்தில் போன் தானே ஒலியைக் குறைத்துவிடும், உச்சமே சப்பென்று கேட்கும். கம்பளமோ திரைச்சீலையோ உள்ள அறை நல்லது. வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே டேக். ரீவெர்ப் (செயற்கை எதிரொலி) சேர்த்தால் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செப்டம்பர் 15, 2025

வைல்டு கார்டுக்குப் பரதநாட்டியம் போடலாமா என்று இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். தாராளமாக. ஆனால் வர்ணத்திலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போடுவதைவிட, அவளே சொற்கட்டு சொல்லிக்கொண்டு ஆடும் ஒரு ஜதி, நாற்பது ஐம்பது நொடி, தீர்மானத்தோடு முடிவது நல்லது. பயிற்சிப் புடவையும் சலங்கையும் போதும். வாயும் காலும் வேறு வேறு வேலை செய்து ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்க்கும் நடன ஆசிரியருக்கு, இந்தப் பெண்ணுக்கு லயம் எந்த அளவுக்கு உடம்பில் இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

நடன வீடியோவில் மட்டும் இதைக் கலக்க வேண்டாம். அங்கே அவர்கள் தேடுவது ஜாஸ்.

பரதப் பயிற்சி டேப்புக்கும் ஜாஸுக்கும் எங்கே உதவும், எங்கே இடிக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். மூன்று காலத்தில் அடவு செய்தவளுக்கு வேகம் இரட்டிப்பாகும் இடம் பயமாக இருக்காது. திஸ்ரம், கண்டம் காதில் இருப்பதால் ஒழுங்கற்ற தாளம் சட்டென்று பிடிபடும். அரைமண்டி பழகிய தொடைக்கு ஜாஸின் தாழ்ந்த நிலை சுலபம். இடிப்பது கணுக்கால். தட்டடவில் முழுப் பாதமும் எடையோடு விழ வேண்டும். டேப்பில் எடை முன்பாதத்தில் மிதக்க, கணுக்கால் தளர்ந்து தொங்க வேண்டும். பரதக்கால் டேப் போட்டால் எல்லா ஒலியும் ஒரே கனத்தில் விழும். ஷஃபிளை (முன்பாதத்தை முன்னும் பின்னும் வீசித் தட்டும் டேப் அடி) மட்டும் தனியாக எடுத்து, முழங்காலுக்குக் கீழே எதையும் இறுக்காமல், மெதுவாகத் தினமும் ஐந்து நிமிடம் செய்தால் சரியாகும். தோளும் அப்படித்தான்: நாட்யாரம்பத்தில் நிலைத்த தோள், ஜாஸில் விலா தனியாகவும் தோள் தனியாகவும் நகர மறுக்கும்.

செப்டம்பர் 21, 2025

இழையைத் தொடங்கியவரின் பெண் கர்நாடக சங்கீதமும் சில வருடம் கற்றிருக்கிறாள் என்று இப்போதுதான் சொல்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை.

சுருதி சுத்தமும், ஒருமுறை கேட்டால் திருப்பிப் பாடும் பழக்கமும் இருக்கும். இல்லாதது இரண்டு. ஒன்று, ஐந்து கோட்டுத் தாளைப் பார்த்துப் பாடுவது. இன்னொன்று ஹார்மனி. பக்கத்தில் நிற்பவர் மெட்டைப் பாட, இவள் கீழே வேறொரு வரியைப் பிடித்து நிற்க வேண்டும். ஒரே மெட்டில் எல்லோரும் சேரும் மரபில் வளர்ந்த காது, தன்னை அறியாமல் மெட்டின் பக்கம் போய்விடும். அவள் இப்போது படிக்கும் பள்ளியின் பாடகர் குழுவில், கீழ்க்குரல் பாடும் ஆல்ட்டோ வரிசையில் இந்த வருடமே சேர்த்துவிடுங்கள். குழுவில் வேலைக்கு எடுப்பவர்கள் இதைச் சோதிப்பார்கள்.

குரல் அமைப்பில், ஐந்தரைக் கட்டையில் நெஞ்சுக்குரலில் பாடிப் பழகியவர்களுக்கு பெல்ட் (நெஞ்சுக்குரலில் உரக்கப் பாடுவது) இயல்பாக வரும். அதற்கு மேலே தலைக்குரலோடு கலக்கும் மிக்ஸ் வராது, ஓரிடத்தில் முறியும். ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தையும் கமகத்தோடு தொடங்குவதும் பழக்கமாகியிருக்கும். மியூசிகல் பாட்டில் சொல் தெளிவாக, சுரம் நேராக வந்து நின்று, கடைசியில் வேண்டுமானால் அசையலாம். ‘மியூசிகல் தியேட்டர் குரல்’ சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத் தேடுங்கள், பொதுவான வெஸ்டர்ன் வோக்கல் வேண்டாம்.

நடனக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று: வயிற்றை எப்போதும் உள்ளிழுத்து வைத்திருப்பது. பாலே கேட்கும் அந்தப் பிடிப்போடு பாடினால் மூச்சு மேல்நெஞ்சில்தான் ஏறும், தோள் தூக்கும், நான்காவது வரியில் காற்று தீரும். விலாவைப் பக்கவாட்டில் விரியவிட்டு, அடிவயிற்றை உள்மூச்சில் மட்டும் தளர்த்தப் பழக வேண்டும். பிறகு பாட்டுத் தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து, ட்ரெட்மில்லில் வேக நடையில் பாடுவது. அதன் பிறகு அதே மூச்சு இடங்களோடு நடன அசைவைச் சேர்ப்பது. வரிசையை மாற்றினால் குரல்வளையை நெருக்கிப் பாடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அக்டோபர் 5, 2025

பாட்டுத் தேர்வு. அவள் குரலின் உச்ச சுரத்தைத் தொடும் பாட்டு வேண்டாம். ஜனவரி மாதத்துச் சளியிலும், காலை எட்டு மணிக்கும், ஆடிக் களைத்த பிறகும் பாட முடிகிற பாட்டு வேண்டும். உச்சத்துக்கு ஒரு முழுச் சுரம் கீழே நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். நல்ல நடனக்காரி சுமாரான குரலில் ஒரு பாத்திரமாக நின்று பாடினால் குழு நிமிர்ந்து உட்காரும். அதே பெண் பெரிய பாட்டை எட்டிப் பிடிக்கப் போராடினால் மூன்றாவது வரியில் முடிவு செய்துவிடுவார்கள். பழைய காலப் பாட்டு ஒன்று, பிற்காலத்தது ஒன்று என்று பல பள்ளிகள் கேட்கும், இரண்டுமே கையில் இருக்கட்டும்.

நேர்முகத்தில் பியானோ கலைஞர் இருந்தால் தாள் கோப்பும் தேர்வின் ஒரு பகுதி. அவள் பாடும் சுருதியில் அச்சிட்ட தாள், முன்பின் பக்கமாக, மடங்காத கோப்பில். தொடக்கமும் முடிவும் வெட்டும் இடமும் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும். அடி வரிசை ஜெராக்ஸில் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பியானோவின் இடதுகை அங்கேதான் இருக்கிறது. வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது, அது அவமதிப்பாகப்படும். முதல் வரியை அவர் காதில் மெல்லப் பாடிக் காட்டினால் போதும்.

அக்டோபர் 19, 2025

பணம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் தங்குமிடம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. மத்திய அரசின் மாணவர் கடன், பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதலாண்டு 5,500, இரண்டாமாண்டு 6,500, பிறகு 7,500, 7,500, மொத்தம் 27,000 டாலர்தான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் பெரும்பாலும் தகுதி உண்டு. எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனை இதுவரை படிப்பின் மொத்தச் செலவு வரை வாங்கலாம் என்றிருந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. 2026 இலையுதிர்காலத்தில் சேரும் பிள்ளைகளின் வீட்டில் இந்தக் கணக்கை இப்போதே போட வேண்டும்.

திறமைக்கான உதவித்தொகை என்று கடிதம் வந்தால், நான்கு ஆண்டுக்கும் உண்டா, எந்த மதிப்பெண் கீழே போனால் நிறுத்துவார்கள், காயத்தால் ஒரு பருவம் ஆட முடியாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரியே நிலைத்திருக்குமா என்பதும் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. ஃபிலடெல்ஃபியாவின் யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், மியூசிகல் தியேட்டருக்கும் நடனத்துக்கும் பேர்போன இடம். 2024 மே 31-ல் செய்தி வந்தது, ஜூன் 7-ல் மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்குப் பணம் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கல்வித் துறை தனியார் கல்லூரிகளுக்கு நிதிநிலை மதிப்பெண் வெளியிடுகிறது, மைனஸ் 1 முதல் 3 வரை. 1.5-க்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். மதிப்பெண் பழைய கணக்கை வைத்து வருவது, அதனால் மாணவர் எண்ணிக்கை ஐந்து ஆண்டாக ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 23, 2025

கால்பேக் (வீடியோவைப் பார்த்த பிறகு நேரில் வரச் சொல்லும் அழைப்பு) வரத் தொடங்கிவிட்டது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நல்ல செய்தி. நேரில் நடக்கும் நடனத் தேர்வான டான்ஸ் கால் பற்றிக் கொஞ்சம்.

ஒரு கூட்டமாக உள்ளே விட்டு, எட்டு எட்டு எண்ணிக்கையாகச் சில அசைவு வரிசைகளைச் சொல்லிக்கொடுத்து, மூன்று நான்கு பேராக ஆடவைப்பார்கள். நன்றாக ஆடுபவள் முன்வரிசையில் நிற்பது சரி, ஆனால் வரிசை மாறச் சொன்னால் உடனே பின்னால் போக வேண்டும். கொடுத்தது ஒற்றைச் சுற்று என்றால் ஒற்றைச் சுற்றுதான். மூன்று சுற்றித் திறமை காட்டினால், ‘சொன்னதைச் செய்யாத பிள்ளை’ என்று குறித்துக்கொள்வார்கள். திருத்தம் வேறொருவருக்குச் சொன்னதாக இருந்தாலும் அடுத்த முறை தன் உடலில் அதைக் காட்டுபவளைத்தான் குழு தேடும். அடுத்த குழு ஆடும்போது சுவரோரம் நின்று அசைவைக் குறித்துக்கொண்டிருப்பது தவறில்லை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதுதான் கண்ணில் படும்.

ஜாஸ் ஷூ, குதிகால் உயரமான கேரக்டர் ஷூ, டேப் ஷூ மூன்றும் பையில். கேரக்டர் ஷூவைப் புதிதாக வாங்கி அன்றே போட்டுக்கொண்டு போகக் கூடாது. வீட்டில் இரண்டு வாரம் அதில் சுற்றுகளும் குதிப்பும் பழகட்டும். தட்டையான பாலே ஷூவில் கிடைக்கும் சமநிலை உயரக் குதிகாலில் முன்னால் தள்ளும்.

நவம்பர் 24, 2025

‘பையன்களுக்கு நிலைமை வேறா?’ என்று ஒருவர் கேட்டார். ஆம், வேறு. நன்றாக ஆடும் பையன்கள் குறைவு, குழுவில் இருபாலரும் கிட்டத்தட்டச் சம அளவில் வேண்டும். நன்றாக ஆடும் பெண்கள்தான் மிக நெரிசலான வரிசை. அதனால்தான் பெண்களுக்குப் பள்ளி எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறேன்: 14, 15 ஆடிஷன் பள்ளி, கூடவே ஆடிஷன் கேட்காத, அவள் மகிழ்ச்சியாகப் போகக்கூடிய இரண்டு இடங்கள். ‘போனால் போகட்டும்’ என்று சேர்த்த பெயர் உதவாது.

ஜனவரி 11, 2026

யூனிஃபைட்ஸுக்கு (பல கல்லூரிகள் ஓரிடத்தில் நடத்தும் ஆடிஷன்) சிகாகோ போகிறவர்களுக்கு: பல பள்ளிகள் ஒரே நேரத்தில் கூடுவதால் ஒரே நாளில் நான்கு நேரம் ஒதுக்கிவிட ஆசை வரும். டான்ஸ் கால் உள்ள நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று தாமதமானால் எல்லாம் சரியும், ஆறிப்போன தசையோடு திரும்ப ஆடுவது காயத்துக்கு நேர்வழி. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர், காற்று வறண்டிருக்கும். அறையில் சின்ன ஹ்யூமிடிஃபையர் வையுங்கள். தொண்டை கரகரத்தால் கிசுகிசுத்துப் பேசக் கூடாது, அது குரல்நாணுக்கு இன்னும் பாரம். பேசாமல் இருப்பதே மருந்து.

இன்னொன்று, பெற்றோர் கவனத்துக்கு. இந்த மாதங்களில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. மாதவிடாய் மூன்று மாதம் தவறினால், அடிக்கடி எலும்பு வலி வந்தால், ஆடிஷன் முடியட்டும் என்று தள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஏப்ரல் 4, 2026

முடிவுகள் வந்துவிட்டன. இழையைத் தொடங்கியவர் வீட்டில் இரண்டு சேர்க்கை, ஒரு காத்திருப்புப் பட்டியல். மகிழ்ச்சி!

காத்திருப்புப் பட்டியல் மதிப்பெண் வரிசையில் நகராது. நடனக்காரியாகத் தேர்வான ஒரு பெண் வேறு கல்லூரிக்குப் போனால், அந்த இடத்துக்கு இன்னொரு நடனக்காரியைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ‘இன்னும் விருப்பம் உண்டு’ என்று ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள், பிறகு தொந்தரவு செய்யாதீர்கள். கையில் உள்ள இரண்டில் ஒன்றுக்கு மே 1-க்குள் முன்பணம் கட்டிவிடுங்கள். காத்திருப்பு பின்னால் திறந்தால் அந்த முன்பணம் மட்டும் போகும்.

இரண்டில் எது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய அட்டவணைகளின்படி ஒன்றில் நடனம் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், தனிக் குரல் வகுப்பு அரை மணி. மற்றதில் நடனம் ஏழரை மணி, குரல் ஒரு மணி, நிலை பிரிப்பதும் தரத்தை வைத்து. நான் இரண்டாவதைச் சொல்வேன். நடனத்தில் குறையும் ஒன்றரை மணியை வெளியே திறந்த வகுப்பில் ஈடுகட்டலாம், கோடையிலும் பார்த்துக்கொள்ளலாம். குரலுக்கு வாராவாரம் அதே ஆசிரியர் அதே காதோடு கேட்பது விட்டுப்போனால் வெளியே கிடைக்காது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அதை எழுதுங்கள், பார்ப்போம்.

ஏப்ரல் 5, 2026

எங்கேயும் கிடைக்காத பிள்ளையின் அம்மா ஒருவர் தனியாகக் கேட்டார், பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு இடைவெளி எடுத்து மறுபடி முயல்வது இந்தத் துறையில் வழக்கம்தான். வாரம் இரண்டு குரல் வகுப்பு, தினமும் நடனம், உள்ளூர் நாடகத்தில் இரண்டு வேடம் என்று அந்த ஆண்டை நிரப்பலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த ஆண்டில் வேறு கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்து கிரெடிட் எடுத்தால், பல இடங்களில் அவர் ட்ரான்ஸ்ஃபர் மாணவர் (வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்) ஆகிவிடுவார். முதலாண்டு மாணவருக்கான உதவித்தொகை போய்விடும், பி.எஃப்.ஏ.யை முதலாண்டிலிருந்தேதான் தொடங்க வேண்டியிருக்கும். ஓரிரு வகுப்பு மட்டும் எடுப்பதானால், விண்ணப்பிக்கப் போகும் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்தில் எத்தனை கிரெடிட் வரை முதலாண்டாகக் கருதுவார்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பதிவு செய்யுங்கள்.